கூரையை அகற்றிய மோட்டார் வண்டி

கித்தான் கூரை போட்ட ஜீப்பில் சுற்றுப்பயணம் செய்து பழகிய களப் பணியாளர்கள் ஒரு செய்தியை நன்கு அறிவர். மாலையில் வெயில் தணிந்ததும் கூரையை அவிழ்த்து மடித்துப் பின்புறம் கட்டிவிடலாம். மறுநாள் வெயில் ஏறியதும் மீண்டும் விரித்துக்கொள்ளலாம். கூரை இருப்பினும் இல்லாவிடினும் வண்டியின் ஓட்டத்தில் யாதொரு வேறுபாடும் தோன்றுவதில்லை. இதைக் கண்டு பழகியவர்கள், உருக்குக் கூரையுடைய பந்தய வகைக் காரையும் இவ்வாறே திறந்த வண்டியாக மாற்றிவிடலாம் என எண்ணுவது இயல்பே. கூரையைத் தாங்கும் தூண்களை அறுத்தெடுக்க ஒரு வாளும் அரைநாள் வேலையுமே போதும்.

அவ்வாறு அறுத்த காரைச் சாலையில் ஓட்டிப் பார்த்தால் நிகழ்வது வேறு. மேடுபள்ளங்களில் முன் கண்ணாடியின் சட்டம் நடுங்கும். ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கி நிற்கும்போது கதவைத் திறந்தால் மீண்டும் மூட இயலாது போகும். நாளடைவில் வண்டி நடுவே தொய்ந்து, கதவின் மேல் விளிம்பு பின்தூணோடு உராயத் தொடங்கும். ஜீப்புக்கு நேராத இக்கேடு காருக்கு மட்டும் ஏன் நேர வேண்டும்?

கூரை செய்யும் வேலை

தொடக்க கால மோட்டார் வண்டிகளில் சுமை தாங்கும் உறுப்பும் மனிதர் அமரும் கூடும் தனித்தனியாக இருந்தன. நீண்ட உருக்குச் சட்டங்கள் இரண்டினை ஏணியின் படிகள் போன்ற குறுக்குச் சட்டங்களால் பிணைத்து, அதன்மீது எஞ்சினையும் சக்கரங்களின் வில்களையும் பொருத்துவர். இந்த அடிச்சட்டமே வண்டியின் முதுகெலும்பு. அதன் மேல் வைக்கப்படும் கூடு மழைக்கும் வெயிலுக்குமான மறைப்பேயன்றி வேறன்று. ஜீப்பும் லாரியும் இக்குலத்தைச் சேர்ந்தவை. ஆகையால் அவற்றின் கூரையை எடுத்தாலும் முதுகெலும்பு அப்படியே இருக்கிறது.

ஏணிச் சட்டம் கனமானது, உயரமும் மிகுந்தது. கூட்டின் தகடுகளையே சுமை தாங்கும்படி செய்துவிட்டால் அடிச்சட்டம் வேண்டுவதில்லை என்ற எண்ணம் இதிலிருந்து பிறந்தது. இத்தாலியில் வின்சென்ஸோ லான்சியா 1922இல் வெளியிட்ட லாம்ப்டா என்னும் கார் இவ்வழியில் முன்னோடி. பிரான்சில் 1934இல் சித்ரோவென் நிறுவனம் வெளியிட்ட முன்சக்கர இயக்கக் கார் இம்முறையைப் பெருந்திரளான உற்பத்திக்குக் கொண்டுவந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் உலகின் பெரும்பாலான கார்கள் இம்முறையிலேயே கட்டப்பட்டு வருகின்றன.

இத்தகைய காரில் தரை, பக்கத் தகடுகள், தூண்கள், கூரை யாவும் சேர்ந்து ஒரே பெட்டியாகின்றன. வண்டியின் பாரம் நடுப்பகுதியைக் கீழ்நோக்கி வளைக்கும்போது கூரை நெருக்கப்படுகிறது, தரை இழுக்கப்படுகிறது. இரண்டுக்குமிடையே ஒரு மீட்டருக்கு மேல் உயரம் இருப்பதால் வளைவு மிகச் சிறிதாகவே இருக்கும். கூரையை எடுத்துவிட்டாலோ, கதவுகள் உள்ள இடத்தில் எஞ்சி நிற்பவை தரையும் கதவின் அடியில் முன்பின்னாக ஓடும் பெட்டி வடிவான விட்டங்களும் மட்டுமே. பட்டறைக்காரர்கள் இவ்விட்டத்தைச் சில் என்பர். அதன் உயரம் ஒரு சாணைத் தாண்டாது. ஒரு மீட்டர் உயரமுள்ள உத்தரம் செய்துவந்த வேலையை ஒரு சாண் உயரமுள்ள சட்டத்திடம் ஒப்படைப்பது போன்றது இது.

வளைவைவிடக் கொடியது முறுக்கு. சாலையில் இடது முன்சக்கரம் மேட்டில் ஏறும்போது மற்ற மூன்றும் சமதரையில் நிற்குமாயின், ஈரத்துணியைப் பிழிவதுபோல வண்டியின் முன்பாதி ஒரு பக்கமும் பின்பாதி மறுபக்கமும் திருகப்படுகின்றன. இத்திருகலை எதிர்ப்பதில் மூடிய பெட்டிக்கும் திறந்த பெட்டிக்கும் உள்ள வேறுபாட்டை ஊகித்து அறிவது கடினம்; கையால் செய்து பார்த்தாலன்றி நம்பவும் தோன்றாது.

வகுப்பறையில் ஒரு பரிசோதனை

தடித்த காகிதம் ஒன்றைக் குழலாகச் சுருட்டி, விளிம்புகளை ஒன்றன்மேலொன்று சிறிது ஏறும்படி பசையிட்டு ஒட்டி உலர விடுக. இரு முனைகளையும் இரு கைகளால் பற்றித் திருகினால் குழல் திருகலுக்கு எளிதில் இணங்காது. பிறகு அதே குழலை நீளவாட்டில் முனையிலிருந்து முனைவரை கத்தரிக்கோலால் பிளந்துவிட்டுத் திருகிப் பார்க்கவேண்டும். வாழைமட்டை போல அது எளிதாகத் திருகிக்கொள்ளும். காகிதம் சிறிதும் குறையவில்லை, எடையும் குறையவில்லை. ஒரு பிளவு மட்டுமே ஏற்பட்டிருக்கிறது.

உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு இதைக் கணக்காகவும் காட்டலாம். மெல்லிய சுவருடைய வட்டக் குழலின் ஆரத்தைச் சுவரின் தடிப்பால் வகுத்து, வந்த ஈவை வர்க்கித்து, மூன்றால் பெருக்கினால், மூடிய குழல் பிளந்த குழலைவிட எத்தனை மடங்கு முறுக்கு விறைப்புடையது என்பது கிடைக்கும். ஆரம் 25 மில்லிமீட்டர், காகிதத்தின் தடிப்பு கால் மில்லிமீட்டர் எனக் கொண்டால், ஈவு 100, அதன் வர்க்கம் 10,000, மும்மடங்கு 30,000. மூடிய குழலில் திருகுவிசை சுவரைச் சுற்றி வட்டமாக ஓடித் தன்னைத்தானே சந்திக்கிறது. பிளந்த குழலில் அவ்வோட்டத்துக்கு வழி அறுந்துவிடுவதால், காகிதத்தின் தடிப்புக்குள்ளேயே அது போய்த் திரும்பவேண்டியிருக்கிறது.

காரின் கூடு வட்டக் குழல் அன்று. கதவுகளுக்கும் கண்ணாடிகளுக்குமாகப் பெரிய துவாரங்கள் அதில் முன்னமே உள்ளன. ஆதலால் கூரையை அகற்றும்போது விறைப்பு முப்பதாயிரத்தில் ஒரு பங்காகிவிடுவதில்லை. ஆயினும் இழப்பு பெரியதே. செருமனியின் பீ.எம்.டபிள்யூ. நிறுவனம் இசட்-3 என்னும் திறந்த காரை முதலில் செய்து, பின்னர் 1998இல் அதற்கு உருக்குக் கூரை சேர்த்து மூடிய கார் ஒன்றையும் வெளியிட்டது. கூரை சேர்ந்ததும் கூட்டின் முறுக்கு விறைப்பு இரண்டு மடங்குக்கு மேல் உயர்ந்தது. இந்த உதாரணத்தின் சிறப்பு, வழக்கமான திசைக்கு எதிர்த்திசையில் அது நிகழ்ந்ததுதான்.

காலணி வரும் அட்டைப் பெட்டியைக் கொண்டும் இதைக் காட்டலாம். மூடியை ஒட்டிய பெட்டி திருகலுக்கு இணங்காது. மூடியில்லாத பெட்டி நன்றாகவே திருகிக்கொள்ளும். இப்பொழுது மூடியின் இடத்தில் மூலைக்கு மூலை குறுக்காக ஓர் அட்டைப் பட்டையை மட்டும் இறுக ஒட்டினால், இழந்த விறைப்பில் பெரும்பகுதி திரும்பி வருவதைக் காணலாம். முழுக் கூரையும் வேண்டுவதில்லை. உரிய இடத்தில் ஒரு பட்டை போதும். ஆனால் காரில் அந்த இடம் மனிதரின் தலைக்கு உரியது. திறந்த கார் செய்பவர்களின் தொல்லை முழுவதும் இந்த ஒரு நிலையிலிருந்தே எழுகிறது.

ஹெரால்டும் அதன் உறவினரும்

பிரிட்டனில் காவென்ட்ரி நகரில் இயங்கிவந்த ஸ்டாண்டர்டு டிரையம்ப் நிறுவனம் 1959இல் டிரையம்ப் ஹெரால்டு என்னும் காரை வெளியிட்டது. இதே கார் 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்னும் பெயரில் சென்னையில் தயாராயிற்று. அக்காலத்து நம் சாலைகளில் ஓடிய சில கார்களுள் அதுவும் ஒன்று. அதன் அமைப்பு விசித்திரமானது. ஏனைய நிறுவனங்கள் தனி அடிச்சட்டத்தைக் கைவிட்டுவந்த காலத்தில் ஹெரால்டு அதையே மீண்டும் ஏற்றது. காரணம் பொறியியல் சார்ந்ததன்று. இந்நிறுவனத்துக்குக் கார்க்கூடுகளை அடித்துத் தந்த தொழிற்சாலையைப் போட்டி நிறுவனம் ஒன்று 1953இல் வாங்கிவிட்டது. முழுக்கூட்டை ஒரே இடத்தில் செய்துதர ஆளில்லாமற் போகவே, கூட்டைப் பல துண்டுகளாகப் பிரித்துப் பல இடங்களில் செய்வித்து, அடிச்சட்டத்தின்மேல் மரையாணிகளால் பூட்டுவது என்று முடிவாயிற்று. கூரையும் அவ்வாறு பூட்டப்பட்ட ஒரு துண்டே. மரையாணிகளைக் கழற்றினால் அது தனியே வந்துவிடும். 1960இல் வெளிவந்த திறந்த ஹெரால்டு இதன் இயற்கையான விளைவு.

ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கி 1962இல் ஸ்பிட்ஃபயர் என்னும் இரண்டு இருக்கைத் திறந்த காரை அதே நிறுவனம் செய்தது. முன்பின் சக்கரங்களுக்கு இடைப்பட்ட தூரம் 232 சென்டிமீட்டரிலிருந்து 211 சென்டிமீட்டராகக் குறைந்தது. மூன்றாவது உறவினர் 1966இல் பிறந்தது. ஸ்பிட்ஃபயரின் உருவத்துக்கு உருக்குக் கூரை சேர்த்து, இரண்டு லிட்டர் கொள்ளளவுள்ள ஆறு சிலிண்டர் எஞ்சினைப் பொருத்தி, ஜி.டி.-6 என்று பெயரிட்டனர். 1973 வரை தயாரான இக்காருக்குத் தொழிற்சாலை திறந்த வடிவம் எதையும் வெளியிட்டதில்லை. பெரிய எஞ்சினும் திறந்த வானமும் ஒருங்கே வேண்டும் என்று விரும்பிய பலர் பின்னாட்களில் பட்டறைகளில் ஜி.டி.-6இன் கூரையை அறுக்கத் தலைப்பட்டனர்.

இதற்குத் தனி அடிச்சட்டம் இருக்கிறதே, பின் என்ன கவலை என்று தோன்றலாம். இங்கேதான் பலர் ஏமாந்தனர். ஹெரால்டின் அடிச்சட்டத்தில் இருபுறமும் பக்கச் சட்டங்கள் உண்டு. ஸ்பிட்ஃபயரிலும் ஜி.டி.-6இலும் அவை நீக்கப்பட்டு, நடுவே ஒரு முதுகுத்தண்டு மட்டும் எஞ்சியிருக்கிறது. பக்கச் சட்டங்கள் செய்த வேலை கூட்டின் சில் விட்டங்களுக்கு மாற்றப்பட்டுவிட்டது. பின்சக்கரங்களை முன்பின் நகராமல் பிடித்துவைக்கும் தண்டுகளின் முன்முனைகளும் கூட்டிலேயே பூட்டப்பட்டுள்ளன. ஆகவே பார்வைக்கு ஜீப்பின் குலமாகத் தோன்றும் இக்கார், உண்மையில் பாதி ஜீப்பும் பாதி பெட்டியுமாகும். பனிக்காலத்தில் பிரிட்டனின் சாலைகளில் உப்புத் தூவுவர். அது சில்லின் உட்புறத்தை அரித்துவிடும். வெளியே வண்ணம் பளபளக்க, உள்ளே தகடு காகிதம்போல் மெலிந்திருக்கும். அத்தகைய வண்டி நிமிர்ந்து நிற்பது கூரையின் தயவால். கூரையை அறுத்த அன்றே அது தொய்ந்துவிடும்.

அறுப்பதற்கு முன்

எனவே அறிந்த பட்டறைக்காரர் வாளைக் கையிலெடுப்பது கடைசியில்தான். முதலில் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, பாரம் முழுவதும் சக்கரங்கள் தாங்கும் இடங்களிலேயே இறங்குமாறு முட்டுக் கொடுப்பார். கதவு இடைவெளியின் மூலைவிட்டங்களை இருபுறமும் அளந்து எழுதிவைப்பார். சில்லைத் திறந்து பார்த்து, அரிக்கப்பட்ட தகட்டை முற்றிலும் மாற்றி, உள்ளே கூடுதலாக ஒரு தகட்டை வைத்துப் பற்றவைப்பார். அதன்பின் கதவு இடைவெளிக்குக் குறுக்கே தற்காலிகக் குழாய்களைப் பற்றவைத்து, முன் தூணும் பின் தூணும் நகராதபடி பூட்டுவார். இவ்வளவும் முடிந்த பிறகே கூரை இறங்கும். குழாய்களை அகற்றியபின் மூலைவிட்டங்களை மீண்டும் அளக்கவேண்டும். முதலில் குறித்த எண் மாறியிருந்தால், வண்டி அந்த மாறிய வடிவத்திலேயே உறைந்துவிட்டது என்பது பொருள். அதன்பின் கதவை நேராக்க எத்தனை முயன்றும் பயனில்லை.

கூரையோடு கூட வேறு சிலவும் போய்விடுகின்றன என்பதைப் பலர் நினைப்பதில்லை. பல கார்களில் தோள்பட்டை வாரின் மேல் முனை கூரைத்தூணிலேயே பூட்டப்பட்டிருக்கும். தூண் போனால் வாருக்குப் பிடிப்பில்லை. ஒட்டிப் பொருத்தப்படும் முன் கண்ணாடி உள்ள இக்காலக் கார்களில் கண்ணாடியும் விறைப்புக்கு உதவுகிறது. அதன் மேல்சட்டத்தை அறுத்தவர் இரட்டை இழப்புக்கு ஆளாவார். மழைநீர் வடியும் கால்வாய்களும் கூரை விளிம்பிலேயே உள்ளன. புதிய கித்தான் கூரை போட்டபின் நீர் இருக்கைக்குள் இறங்குவது இதனாலேயே.

கித்தான் கூரைக்கும் விசையுண்டு. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்வரும் காற்றின் இயக்க அழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 47 கிலோகிராம் எடைக்குச் சமம். வேகம் இருமடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும். வளைந்த கூரையின்மேல் காற்று விரைந்து செல்வதால் அங்கே அழுத்தம் குறைந்து, உள்ளிருக்கும் காற்று கித்தானை மேல்நோக்கித் தள்ளும். ஓடும் வண்டியின் கித்தான் உப்பிக்கொண்டு நிற்பதைக் கண்டவர்கள் இவ்விதியை நேரிலேயே கண்டவர்களாவர்.

ஜி.டி.-6ஐப் பொறுத்தவரை இன்னொரு வழியும் உண்டு, அதுவே மேலானது. இரு கார்களின் அடிச்சட்டமும் ஏறக்குறைய ஒன்றே ஆதலால், ஸ்பிட்ஃபயரின் திறந்த கூட்டை எடுத்து ஜி.டி.-6இன் சட்டத்திலும் எஞ்சினிலும் ஏற்றிவிடலாம். திறந்த நிலைக்கென்றே தொழிற்சாலை கணித்துச் செய்த கூடு அது. நல்ல கூரையொன்றை அறுத்து வீணாக்கும் பாவமும் இதில் இல்லை.

இந்தியாவில் இவ்வேலையில் இறங்க நினைப்போர் சட்டத்தையும் அறிந்திருத்தல் வேண்டும். பதிவுச் சான்றில் உற்பத்தியாளர் குறித்துள்ள விவரங்களுக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றியமைப்பதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அளித்த தீர்ப்பில் இதை உறுதிப்படுத்தியது.

நடுக்கமும் அதன் மருந்தும்

விறைப்புக் குறைந்த கூடு உடையாதிருந்தாலும் நடுங்கும். இதற்குக் காரணம் அதிர்வெண். ஒரு பொருளின் இயற்கை அதிர்வெண், விறைப்பை நிறையால் வகுத்த ஈவின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. விறைப்பு நாலில் ஒன்றாகக் குறைந்தால் அதிர்வெண் பாதியாகிறது. கரடான சாலையில் சக்கரங்கள் அவற்றின் வில்களின்மேல் நொடிக்குப் பத்து முதல் பதினைந்து முறை துள்ளுகின்றன. மூடிய காரின் முறுக்கதிர்வு இதைவிட வெகு உயரத்தில் இருப்பதால் இரண்டும் ஒன்றையொன்று சந்திப்பதில்லை. கூரையை எடுத்ததும் கூட்டின் அதிர்வெண் கீழே இறங்கி, சக்கரத்தின் துள்ளலை நெருங்குகிறது. ஊஞ்சலை உரிய தருணத்தில் தள்ளுவது போலச் சக்கரங்கள் கூட்டைத் தள்ளுகின்றன. ஓட்டுபவரின் கண்முன் கண்ணாடிச் சட்டமும் கையில் சுக்கானும் ஆடுகின்றன.

இதற்கு ஒரு மருந்து சில்லையும் நடுச் சுரங்கத்தையும் பெருப்பித்து, தரையின் கீழ் பெருக்கல் குறி வடிவில் சட்டங்களைப் பூட்டுவது. இதனால் எடை ஏறும். கூரையை இழந்த கார் கூரையுள்ள காரைவிடக் கனமாக இருப்பது இதனாலேயே. மற்றொரு மருந்து அமெரிக்காவில் ஷெவ்ரலே நிறுவனம் 1960களில் தன் கார்வேர் திறந்த கார்களில் கையாண்டது. எண்ணெய் நிறைந்த உருளைக்குள் வில்லின்மேல் ஒரு கனத்த இரும்பைத் தொங்கவிட்டு, அத்தகைய உருளைகளைக் கூட்டின் மூலைகளில் வைத்தனர். கூடு ஒரு புறம் அசையும்போது இரும்பு எதிர்ப்புறம் அசைந்து ஆட்டத்தை விழுங்கிவிடும். பழரசம் கலக்கும் குலுக்குக் குவளையின் பெயரையே பட்டறைக்காரர்கள் இதற்குச் சூட்டினர். விறைப்பு இதனால் அணுவளவும் கூடுவதில்லை. நடுக்கத்தை மறைக்க எடை சுமக்கும் ஏற்பாடு இது.

டிரையம்ப் நிறுவனமே இந்நோயை அனுபவித்தது. ஹெரால்டை வடிவமைத்த இத்தாலியர் மிகெலாட்டி, அந்நிறுவனத்தின் மூடிய கார் ஒன்றின் உறுப்புகளைக் கொண்டு திறந்த காரின் மாதிரியைச் செய்தார். ஸ்டாக் என்னும் பெயரில் 1970இல் அது விற்பனைக்கு வந்தபோது, இருக்கைகளின் பின்னே ஒரு வளைவும், அவ்வளவின் நடுவிலிருந்து முன் கண்ணாடியின் மேல்சட்டம் வரை தலைக்கு மேலே ஒரு பட்டையும் நிலையாகப் பொருத்தப்பட்டிருந்தன. மாதிரி வண்டியின் நடுக்கத்தை அடக்க வேறு வழி கிட்டவில்லை. அட்டைப் பெட்டியின்மேல் ஒட்டிய பட்டைக்கு இது மிக நெருங்கிய உறவு.

வண்டி கவிழ்ந்தால்

கூரையின் மற்றொரு வேலை என்றோ ஒரு நாளைக்கு உரியது. வண்டி தலைகீழாகக் கவிழ்ந்தால் மனிதரின் தலைக்கும் தரைக்கும் இடையே நிற்பது கூரை. அமெரிக்காவில் திறந்த கார்களைச் சட்டம் தடைசெய்துவிடும் என்ற அச்சம் 1960களில் பரவியபோது, போர்ஷே நிறுவனம் 911 காருக்குத் தார்கா என்னும் வடிவத்தைத் தந்து 1965இல் பிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் வைத்தது. இருக்கைகளுக்குப் பின்னே துருப்பிடிக்காத உருக்கு போர்த்திய அகன்ற வளைவு ஒன்று நிலையாக நிற்கும். அதற்கும் முன் கண்ணாடிக்கும் இடைப்பட்ட கூரைத்துண்டை மட்டும் கழற்றி வைத்துக்கொள்ளலாம். அஞ்சிய தடை வரவில்லை. எனினும் முழுதும் திறந்த 911 வெளிவர 1982 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 1989இல் மெர்சிடிஸ் பென்ஸ் தன் எஸ்.எல். காரில் மறைந்திருக்கும் வளைவை அமைத்தது. வண்டி கவிழப் போவதை உணர்ந்ததும் மூன்றில் ஒரு நொடிக்குள் அது எழுந்து நிற்கும்.

வீட்டுப் பட்டறையில் கூரையை அறுப்போர் பெரும்பாலும் இவ்வளைவை ஓர் அலங்காரமாகவே வைக்கின்றனர். மெல்லிய குழாயை வளைத்து, தரைத் தகட்டின்மேல் நாலு மரையாணிகளால் பூட்டி, வண்ணம் பூசிவிடுகின்றனர். வண்டியின் பாரம் தலைகீழாக அதன்மேல் விழும்போது குழாய் வளையுமுன் தரைத்தகடே கிழிந்துவிடும். வளைவின் கால்கள் தகட்டில் அல்லாது சில்லிலும் அடிச்சட்டத்திலும் ஊன்றியிருத்தல் அவசியம். பின்னோக்கிச் சாயும் முட்டுக் குழாய்களும் வேண்டும். பிறர் மாற்றியமைத்த திறந்த காரை வாங்க முற்படுவோர் வண்ணத்தையும் கித்தானையும் பார்ப்பதைவிட, இந்தக் கால்கள் எங்கே ஊன்றியிருக்கின்றன என்று குனிந்து பார்ப்பது நலம். அத்துடன் ஒரு மூலையை மட்டும் ஜாக்கியால் உயர்த்திவிட்டு, கதவைத் திறந்து மூடிப் பார்க்கவேண்டும். தடையின்றி மூடுமாயின் கூட்டில் வலு இருக்கிறது எனக் கொள்ளலாம்.

விறைப்பு முழுவதையும் இடுப்புக்குக் கீழேயே வைத்துவிட முடியுமாயின் இத்தொல்லைகள் எழா. 1962இல் லோட்டஸ் நிறுவனம் ஈலான் காரில் மடித்த உருக்குத் தகட்டாலான நடுத்தண்டை வைத்து இதைச் செய்தது. அதற்கு ஐந்தாண்டு முன்பு அதே நிறுவனம் சுமை தாங்கும் கூட்டைக் கண்ணாடி இழையாலேயே ஆக்கிய ஈலிட் என்னும் காரை வெளியிட்டிருந்தது. அதில் கூரையும் சுமை தாங்கியது. திறந்த ஈலிட் ஒன்றை நிறுவனம் வெளியிடவே இல்லை. பிற்காலத்தில் கரி இழை இவ்வழியை மேலும் விரிவாக்கியது. மக்லாரன் நிறுவனம் திறந்த வடிவத்தையும் தொடக்கத்திலேயே கருத்தில் கொண்டு வடிவமைத்த 12சி, கரி இழையாலான ஆழ்ந்த தொட்டி ஒன்றில் இருக்கைகளை வைத்துக் கட்டப்பட்டது. 2012இல் அதன் கூரையை மடியும் கூரையாக மாற்றியபோது தொட்டிக்கு எந்த வலுவூட்டலும் தேவைப்படவில்லை. வண்டியின் எடை 40 கிலோகிராம் மட்டுமே கூடிற்று. அதுவும் மடியும் கூரைக்கும் அதை இயக்கும் பொறிக்கும் உரிய எடை.